யாருக்கு ஆபரேஷன் வேண்டாம்?

புற்றுநோய் அறுவைசிகிச்சை படிக்க வரும் இளையவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "சார், ஹைபெக் எப்போ கத்துக்கலாம்?" என்பதுதான். வயிற்றின் உள்சவ்வு முழுக்கப் பரவிய கட்டிகளைக் கண்ணுக்குத் தெரியும் மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஓடவிடும் சிகிச்சை அது. எட்டு, பத்து மணி நேரம் தியேட்டரில் நிற்க வேண்டிவரும். ஆசைப்படட்டும். ஆனால் முதலில் எண்ணிக் கணக்கிடப் பழகச் சொல்வேன்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்க, வாஷிங்டனில் பணியாற்றிய அறுவைசிகிச்சை நிபுணர் பால் சுகர்பேக்கர் தந்த கணக்கு இது. வயிற்றையும் சிறுகுடலையும் 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 39. பெருங்குடல் புற்று பரவி 20ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நாங்கள் பின்வாங்குவோம். குடல்வாலில் தொடங்கும் சளிக்கட்டி நோயில் அதைவிட அதிகம் இருந்தாலும் துணிவோம். சி.டி. ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது. சிறுகுடல்மீது இருப்பதை அது குறைத்தே காட்டும். குடலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுக ஜவ்வரிசி போலத் தட்டுப்பட்டால், வயிற்றை மூடிவிடுவதுதான் அந்த நோயாளிக்குச் செய்யும் நல்லது.

"திறந்ததுதான் திறந்தீங்க, எடுத்திருக்கலாமே டாக்டர்?" என்று வெளியே மகன் அழுவார். அதனால் மூடிவிட நேரலாம் என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க சார்" என்பார்கள். வெட்டுப்படப்போவது அப்பாவின் வயிறு. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பேன். அநேகமாக அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஆராய்ச்சியைப் பதவி உயர்வுக்கான சடங்காக நினைப்பவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டாம். பெருங்குடல் புற்று பரவிய 265 பேரிடம் பிரான்சில் நடந்த பிராடிஜ் 7 ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஆபரேஷனோடு ஆக்ஸாலிப்பிளாட்டின் மருந்தைச் சூடாகச் செலுத்தினாலும் செலுத்தாவிட்டாலும், இரு தரப்பிலும் இடைநிலை ஆயுள் சுமார் 41 மாதம்தான். ஆனால் 2018இல் வந்த டச்சு ஆய்வில், முற்றிய சினைப்பைப் புற்றுக்கு சிஸ்பிளாட்டினைச் சேர்த்தபோது 33.9 மாதம் 45.7 ஆனது. ஒரே முறை, நோயும் மருந்தும் வேறு. எல்லோருக்கும் ஹைபெக் என்று விளம்பரம் செய்வதைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பிரெஞ்சு ஆய்வில் சுத்தமான அறுவைக்கே அவ்வளவு ஆயுள் கிடைத்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

இன்னொன்று, பதிவேடு. நன்றாக இருப்பவர்தான் ஓ.பி.க்கு வருவார். அவர்களை மட்டும் பார்த்தால் நம் கை ராசியான கை என்று தோன்றும். வராதவர்களுக்கு மாணவர்களே போன் செய்ய வேண்டும். நோயாளியின் எண்ணோடு மகள், பக்கத்து வீட்டுக்காரர் எண்களையும் முதல் நாளே வாங்கிவையுங்கள். எத்தனை மாதம் இருந்தார் என்பதோடு, அதில் எத்தனை மாதம் வாய்வழியே சாப்பிட முடிந்தது, எத்தனை மாதம் மருத்துவமனைக் கட்டிலில் கழிந்தது என்றும் கேட்டு எழுதுங்கள். அடுத்த நோயாளி கேட்கப்போவது அதைத்தான்.