வெள்ளியும் செம்பும்

விரலில் அணியும் மோதிரம் சிறிய அணிகலன். ஆயினும் அது தாங்கும் உழைப்புப் பெரிது. காதணி பெரும்பாலும் எதன்மீதும் உராய்வதில்லை. மோதிரமோ பேருந்துக் கம்பியிலும் பாத்திரத்திலும் கதவின் கைப்பிடியிலும் நாள்தோறும் உராய்கிறது. ஆகவே, ஒருவரது விரலுக்கென்றே மோதிரம் செய்து தரும் கைவினைஞர், வடிவத்தை வரைவதற்கு முன்பே உலோகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

கலப்பில்லாத வெள்ளியே எப்பொழுதும் சிறந்தது எனப் பலரும் எண்ணுவர். விலையளவில் அது உயர்ந்ததுதான். ஆனால், தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதனால் செய்த மெல்லிய மோதிரம் விரைவில் வட்டம் குலையும். கல்லைப் பற்றியிருக்கும் கவ்விகள் விரிந்து, கல் கழன்று விழும். ஆசையுடன் பொறித்த பெயரும் தேய்ந்து மறையும்.

இக்குறையைப் போக்கச் செம்பு துணைபுரிகிறது. வெள்ளியின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அழுத்தம் நேரும்போது ஒரு வரிசை மற்றொன்றின்மீது எளிதில் நழுவுகிறது, உலோகம் வளைகிறது. செம்பின் அணு வெள்ளியின் அணுவைவிடச் சிறியது. அது வரிசையில் இடம்பெறும்போது அடுக்கின் ஒழுங்கு குலைகிறது, நழுவுவது கடினமாகிறது. இவ்வாறு கலவை உறுதி பெறுகிறது.

மோதிரத்திற்கு மிகுதியும் பயன்படும் கலவை ‘ஸ்டெர்லிங் வெள்ளி’ எனப்படும். அதன் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு. எட்டுக் கிராம் மோதிரத்தில் 7.4 கிராம் வெள்ளியும் 0.6 கிராம் செம்பும் இருக்கும். முற்காலத்தில் நாணயம் அடித்தவர்களும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். 1835-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் வெளிவந்த வெள்ளி ரூபாயில் 12 பங்கில் 11 பங்கே வெள்ளி. பலர் கைமாறும் காசு தேயாதிருக்க அக்கலப்புத் தேவைப்பட்டது.

அப்படியாயின், செம்பை இன்னும் மிகுதியாகச் சேர்க்கலாமா? 1000 பங்கில் 800 பங்கு மட்டுமே வெள்ளியுள்ள கலவை மேலும் கடினமானது. ஆனால், அதன் வெண்மை சற்றே மஞ்சள் நிறம் கொள்ளும். விரைவில் கறுக்கவும் செய்யும். நிக்கல் கலந்தால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாகும். ‘ஜெர்மன் சில்வர்’ என்னும் உலோகத்திலோ வெள்ளியே இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை.

பொருளின் பயனே கலவையை முடிவு செய்கிறது. ஒடிசா மாநிலத்தின் கட்டாக் நகரில் வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, முறுக்கி, பின்னி அணிகலன் செய்வர். அவ்வேலைக்குத் தூய்மை மிகுந்த, எளிதில் வளையும் வெள்ளியே ஏற்றது. நாள்தோறும் அணியும் மோதிரத்திற்கு 925 ஏற்றது. அக்கலவையிலும் பட்டை மிக மெல்லியதாக இருப்பின் மோதிரம் வளையும். ஆதலால் தடிமனும் கருதத்தக்கது.

வெள்ளியைவிடச் செம்பு விலை குறைந்தது. இங்கேதான் கைவினைஞரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. “இதில் இவ்வளவு செம்பு உள்ளது, மோதிரம் உழைப்பதற்காகச் சேர்த்தேன்” என்று அவர் சொல்லி விற்றால், அச்செம்பு மோதிரத்தின் வலிமை. சொல்லாமல் மறைத்துத் தூய வெள்ளியின் விலையைப் பெற்றால், அதே செம்பு வஞ்சகம். கண்ணால் மட்டும் நோக்கி வெள்ளியின் அளவை அறிய இயலாது. இதனாலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 925 போன்ற தூய்மை எண்ணும் வாங்குவோருக்குத் துணையாகின்றன. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் வழங்குவது எண்ணத்தக்கது.

அருஞ்சொற்பொருள்
கவ்வி – கல்லைப் பிடித்திருக்கும் சிறு உலோகப் பல்
துத்தநாகம் – ஓர் உலோகம்
வஞ்சகம் – ஏமாற்று

பயிற்சி
1. தூய வெள்ளி மோதிரத்திற்கு ஏற்றதன்று. ஏன்?
2. 20 கிராம் எடையுள்ள 925 வெள்ளி மோதிரத்தில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: அணிகலன், இவ்வுண்மை, அச்செம்பு.
4. ‘நாணயம்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் தொடரில் அமைத்து எழுதுக.
5. உங்கள் வீட்டில் உள்ள வெள்ளிப் பொருள் ஒன்றில் தூய்மை எண் பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பெரியோர் துணையுடன் நோக்கி, ஐந்து வரிகளில் எழுதுக.