பிரேக் பேடின் ஆயுளை எவ்வாறு கணிப்பது?

நம் கிளைக்கு வாகனக் கடன் கேட்டு வருவோருள் சிலர், நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் ‘ஃபோர் வீல் டிரைவ்’ வண்டியை நாடுகின்றனர். வட்டி, தவணை, காப்பீடு ஆகியவற்றை நுணுகிக் கேட்கும் அவர்கள், பிரேக் பேட் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்பதில்லை. மலைப்பயணம் முடித்துத் திரும்பிய பின்னரே கேட்கின்றனர். அண்மையில் ஒருவர், முற்றிலும் தேய்ந்த பேடுக்கும் அதனால் கீறுண்ட டிஸ்க்குக்கும் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டதாக வருந்தினார். மோட்டார் காப்பீடு விபத்தினால் நேரும் சேதத்தை ஈடுசெய்யும். பயன்பாட்டினால் வரும் தேய்மானத்தை ஏற்பதில்லை. அச்செலவு முழுவதும் உரிமையாளருடையதே.

பேடின் ஆயுள் 30,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை என்று பொதுவாகக் கூறுவர். ஒன்றுக்கு இரண்டு மடங்கு வேறுபடும் எண்ணை வைத்துக்கொண்டு எவரும் செலவுத் திட்டம் வகுக்க இயலாது. வணிகவியல் பயின்ற நமக்கு இதைவிட நல்ல வழி தெரியும். இயந்திரத்தின் தேய்மானத்தை ஆண்டுக் கணக்கில் அன்றி உழைப்பின் அளவில் கணக்கிடுவது போலவே இதனையும் கணக்கிடலாம். புதிய பேடின் உராய்வுப் பகுதி 12 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 3 மில்லிமீட்டர் எஞ்சும்போது மாற்றிவிட வேண்டும். 15,000 கிலோமீட்டர் ஓடிய பின் அளந்தால் 9 மில்லிமீட்டர் உள்ளது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 5,000 கிலோமீட்டர். இன்னும் 30,000 கிலோமீட்டர் ஓட்டலாம். உட்புறப் பேடு முன்னதாகவே தேய்வதுண்டு. ஆதலால் சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் அளக்கச் சொல்லி, குறைந்த அளவையே கணக்கில் கொள்ளவேண்டும்.

இக்கணக்கு, ஓட்டும் சாலை மாறாத வரையில்தான் செல்லும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். ஆட்களோடும் மூட்டைகளோடும் 2,000 கிலோ எடையுள்ள வண்டி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் இந்த உயரத்தை இறங்கும்போது, 10 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றலை எங்கேனும் செலவிட்டாக வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அதில் பெரும்பகுதி பேடிலும் டிஸ்க்கிலும் வெப்பமாக இறங்கும். பேட் விரைந்து தேய்வது மட்டுமன்று. அளவு மீறிச் சூடேறினால் பிடிப்பே குறைந்துவிடும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் காலடியில் தொய்ந்துபோகும். பள்ளத்தாக்கின் விளிம்பில் அந்நிலை வரக்கூடாது.

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குக என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் கூறுவது இதற்காகவே. கரடுமுரடான செங்குத்துச் சரிவில் ‘லோ ரேஞ்ச்’ இயக்கமும் கைகொடுக்கும். அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சினே. ஆனால் இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் பொத்தான் அத்தகையதன்று. அது பிரேக்கையே இயக்குகிறது.

நான்கு சக்கர விசை இருப்பதால் வண்டி விரைந்து நிற்கும் என்று நம்புவோரும் உளர். அது வழுக்கும் இடத்தில் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. கூடுதல் உறுப்புகளின் எடையையும் அதே பேடுகளே தாங்குகின்றன. பிரேக் அழுத்துகையில் எடை முன்னே சாய்வதால் முன்பேடுகளே முதலில் தேய்கின்றன. ஜிம்னி போன்ற சில வண்டிகளில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். அதில் உள்ள ஷூவைத் தனியே பார்க்கவேண்டும்.

ஓடையையோ சேற்றையோ கடந்த பின், பிரேக்கை மெல்லப் பலமுறை அழுத்தி ஈரத்தைப் போக்குக. ஊர் திரும்பியதும் சக்கரத்தின் உட்புறத்தை நீரால் கழுவுக. அங்கே தங்கிய மணல் உப்புத்தாள் போல் பேடை அரிக்கும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாம். பல பேடுகளில் ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. தேய்மானம் எல்லையை அடைந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். அவ்வொலி கேட்டபின் அடுத்த சர்வீஸ் வரட்டும் என்று காத்திருந்தால், பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற நேரிடும்.