இடுக்கணும் இலாபமும்

இலாப நட்டக் கணக்கு நம் பாடசாலைகளில் நாடோறும் கற்பிக்கப்படுவதொன்று. கொண்ட விலை இது, விற்ற விலை இது, இலாபம் யாது என வினாவுகின்றோம். மாணாக்கர் விடை காண்கின்றனர். விற்ற பொருள் பட்டாடையா, காய்ச்சல் மருந்தா என்பது பற்றி அக்கணக்கிற்குக் கவலையில்லை. அறத்தின்வழி ஆராயுமிடத்து அவ்வேறுபாடே முதன்மையாம்.

பட்டாடையின் விலை மிகுமாயின் வாங்கவந்தோன் வாளா மீளலாம். பசித்தோனும் பிணியுற்றோனும் அங்ஙனம் மீளமாட்டார். மறுக்க இயலாதவனிடத்துப் பெறும் இணக்கம் இணக்கமாகாது. ஆதலின், உணவு மருந்துகளின் விலைக்கு விற்போனது முதலும் உழைப்புமே அளவையாதல் வேண்டும். வாங்குவோனது இடுக்கண் அளவையாதல் கூடாது. வணிகனுக்குரிய ஊதியத்தை நாம் மறுக்கின்றோமல்லோம். வற்கடக் காலத்துத் திருவீழிமிழலையிலே சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டங் கேட்டமையால் அடியார்க்கு அமுது தாழ்ந்த வரலாறு ஆசிரியர்கள் அறிந்ததே.

மருந்தின் திறத்து இதற்குச் சான்று பேராதனையிலேயே உண்டு. ஆங்குள்ள மருத்துவ பீடத்துக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் வல்லுநர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களோடு வெவ்வேறு விலைக்கு விற்கப்படுதலை அவர் கண்டார். நோயாளி மருந்துக்கன்றிப் பெயருக்கும் பொருள் கொடுத்தான். 1971ஆம் ஆண்டில் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இதுபற்றி அரசுக்கு அறிக்கை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட, பிபிலே அதன் முதற்றலைவரானார். இன்றியமையாத மருந்துகளைத் தெரிந்து பட்டியலாக்குதல், அவற்றைப் பொதுப்பெயரால் வழங்குதல், பல நாட்டினரிடமும் கேள்விப்பத்திரங் கோரி மொத்தமாக வாங்குதல் என்பன அவர் கையாண்ட வழிகள். மருந்துகள் பலவற்றின் விலை தாழ்ந்தது.

மலிவு ஒன்றே அறமாகுமோவெனின், ஆகாது. தரங்குன்றிய மருந்தை மலிவாகக் கொடுத்தலும் கொடுமையே. விலையும் தரமும் ஒருங்கே காக்கப்படல் வேண்டும். 1977இல் பிபிலே மறைந்தார். அவ்வாண்டின் ஆட்சிமாற்றத்தின் பின் தனியார் இறக்குமதிக்கு வழி மீண்டும் அகன்றது. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபையை நிறுவிய சட்டம் 2015ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. ஒருகாற் செய்து ஓய்ந்திருக்கத்தக்கதன்று இவ்வறம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆசிரியர்காள்! இலாபக் கணக்கு முடிந்தபின் மாணாக்கரிடத்து இன்னுமொரு வினா நிகழ்த்துக: "இப்பொருளை வாங்கியவன் வேண்டாவென்று மறுத்திருத்தல் கூடுமோ?" கூடாதென்பாராயின், அவ்விலாபத்துள் உழைப்புத் தந்தது எவ்வளவு, பிறர் துன்பந் தந்தது எவ்வளவு எனப் பகுத்துக் காணுமாறு பணிக்க. நாளை கடையில் அமர்வோரும் மருந்து எழுதுவோரும் சட்டஞ் செய்வோரும் இன்று நம் வகுப்பிலே இருக்கின்றனர்.