பித்தக்கான் புற்றுநோயும் நிணநீர்க் கணுக்களும்

நோயுற்ற உறுப்பை அறுத்து நீக்குதல் சத்திரவைத்தியரின் தொழில் என்பதை யாவரும் அறிவர். ஆயின், புற்றுநோய்க்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையிலே, நோயுற்ற உறுப்போடு அதனை அடுத்துள்ள சிறு கணுக்களையும் வைத்தியர் தேடி எடுப்பது ஏன்? அவற்றை எடுப்பதனால் நோயாளியின் ஆயுள் நீளுமா? அன்றி, நோய் எவ்வளவு தூரம் பரவிற்று என்னும் உண்மை மாத்திரந்தான் புலனாகுமா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைப் பித்தக்கான் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கானும் கணுவும்

ஈரல் சுரக்கும் பித்தநீர் வலம், இடம் என்னும் இரு கான்களின் வழியாக ஈரலின் வாயிலை அடைந்து ஒன்றுசேர்கின்றது. பின்னர் பித்தப்பையின் கானும் வந்து கூட, சதையியின் தலைப்பாகத்தினூடாகச் சென்று முன்சிறுகுடலிற் கலக்கின்றது. இக்கானின் உட்சுவரில் உண்டாகும் புற்றுநோய் ஈரலினுள்ளே தோன்றலாம். ஈரல் வாயிலிலே தோன்றலாம். சதையியை அடுத்த கீழ்ப்பாகத்திலும் தோன்றலாம். வாயிலிலோ கீழ்ப்பாகத்திலோ தோன்றுமாயின், வழி அடைபட்டுப் பித்தம் இரத்தத்திற் கலக்கும். கண் மஞ்சளாகும்; சிறுநீர் கறுக்கும்; மலம் வெளுக்கும்; தோல் அரிக்கும். வலியின்றி வரும் இச்செங்கண்மாரியே பலருக்கு முதலறிகுறியாக அமைகின்றது.

இனி, நிணநீர் என்பது யாது? இழையங்களில் ஊறும் நீர் நுண்குழாய்களின் வழியே வடிந்து, இடையிடையே உள்ள கணுக்களைக் கடந்து, இறுதியில் இரத்தத்தை அடைகின்றது. மாரிவெள்ளம் ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குப் பாய்வதுபோல, நிணநீரும் கணுவுக்குக் கணு செல்கின்றது. வெள்ளம் கொணரும் வண்டல் முதற்குளத்திலே படிவதுபோலப் புற்றுநோய்க் கலங்களும் பெரும்பாலும் முதலில் அண்மைக் கணுக்களிலே தங்கி வளர்கின்றன. பித்தக்கானுக்குரிய அண்மைக் கணுக்கள் கானையும் ஈரல் நாடியையும் ஈரல்வாயில் நாளத்தையும் ஒட்டிக் கிடப்பன. அவற்றுக்கு அப்பால், பெருநாடியை அடுத்தும் கணுக்கள் உள.

நகோயாவின் கணக்கு

ஈரல் வாயிற் பித்தக்கான் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பெயர்பெற்றது யப்பானிய நகோயாப் பல்கலைக்கழகம். அங்கு இந்நோய்க்காக வரிசையாகச் சத்திரசிகிச்சை பெற்ற 110 பேரின் கணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அறிக்கை 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. 52 பேரிடம் கணுக்களில் நோய் இல்லை. 39 பேரிடம் அண்மைக் கணுக்களிலே நோய் இருந்தது. 19 பேரிடம் பெருநாடியை அடுத்த கணுக்கள்வரை அது சென்றிருந்தது. ஐந்தாண்டு கடந்தும் உயிர்வாழ்ந்தோர், முதல் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். இரண்டாம் வகுப்பில் 15 பேர். மூன்றாம் வகுப்பில் 12 பேர்.

இக்கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுகின்றது. கணுவிலே நோய் காணப்படின் ஆயுள் குறைகின்றது என்பது ஒன்று. அவ்வாறு காணப்பட்டோருள்ளும் சிலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆதலின் அது கைவிடுதற்குரிய அறிகுறியன்று என்பது மற்றொன்று.

எண்ணிக்கையின் பயன்

நோயின் படிநிலையை வகுக்கும் சர்வதேச முறையின் எட்டாம் பதிப்பு, வாயிற்கானிலும் கீழ்க்கானிலும் தோன்றும் நோயில், நோயுற்ற கணுக்கள் ஒன்று முதல் மூன்றுவரை இருப்பின் ஒரு வகுப்பாகவும், நான்கும் அதற்கு மேலும் இருப்பின் வேறொரு வகுப்பாகவும் பிரித்தது. ஆராயப்படும் கணுக்கள் வழக்கமாக ஈரலினுள் தோன்றும் நோய்க்கு 6, வாயில் நோய்க்கு 15, கீழ்க்கான் நோய்க்கு 12 என்னும் தொகையை எட்டுதல் வேண்டும் எனவும் கூறிற்று. காரணம் வெளிப்படை. இரண்டு கணுக்களை மாத்திரம் எடுத்து, நுணுக்குக்காட்டியிற் பார்த்து, "பரவவில்லை" எனத் தீர்ப்புக் கூறின், அத்தீர்ப்பை எங்ஙனம் நம்புவது? எடுக்கப்படாத மூன்றாவது கணுவிலே நோய் மறைந்திருக்கலாமன்றோ?

வகுப்பறை தரும் விளக்கம்

கணுக்கள் பல ஆராயப்பட்டோர், சில ஆராயப்பட்டோரினும் நீண்டகாலம் வாழ்ந்தனர் எனக் கூறும் கணக்குகள் பல உள. அவற்றைக் கொண்டு, "கணுக்களை அகற்றியதாலேயே ஆயுள் நீண்டது" என்று முடிவுகட்டல் எளிது. ஆனால் அது தவறாகலாம். இதனை மாணவர் தம் வகுப்பறையிலேயே கண்டுகொள்ளலாம்.

'அ' பிரிவில் நால்வர், அவர் பெற்ற புள்ளிகள் 40, 70, 80, 90, சராசரி 70. 'ஆ' பிரிவில் மூவர்; அவர் பெற்ற புள்ளிகள் 10, 20, 30; சராசரி 20. நாற்பது புள்ளி பெற்ற மாணவனை 'அ' பிரிவிலிருந்து 'ஆ' பிரிவுக்கு மாற்றுக. 'அ' பிரிவின் சராசரி 80 ஆகும். 'ஆ' பிரிவின் சராசரி 25 ஆகும். இரண்டு பிரிவும் உயர்ந்தன; ஆயினும் எந்த மாணவனும் ஒரு புள்ளியேனும் கூடுதலாகப் பெற்றிலன்!

நோயாளர் கணக்கிலும் இதுவே நிகழ்கின்றது. சில கணுக்களை மாத்திரம் ஆராயின், நோய் மறைந்திருப்போரும் "பரவாதோர்" வகுப்பிலே எண்ணப்படுவர். பல கணுக்களை ஆராயுங்கால் அவர்கள் "பரவினோர்" வகுப்புக்கு மாறுவர். ஒருவரும் ஒருநாள் கூடுதலாக வாழாவிடினும், இரு வகுப்பின் ஆயுளும் நீண்டதாகத் தோன்றும். புற்றுநோய்க் கணக்குகளில் நேரும் இம்மயக்கத்தை அமெரிக்க வைத்தியப் பேரறிஞர் அல்வன் பைன்ஸ்ரீன் முதலியோர் 1985ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

அவ்வாறாயின், உண்மையை அறிவது எங்ஙனம்? நோயாளரைத் திருவுளச்சீட்டு முறைபோல இரு கூறாக்கி ஒப்பிடல் வேண்டும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் சதையியின் தலையையும் கீழ்ப்பித்தக்கானையும் சார்ந்த புற்றுநோயாளர் 294 பேரிடம் அவ்வாறு ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரினும், கணுக்களை மிகப் பரந்த எல்லைவரை நீக்கப்பெற்றோர் நீண்டகாலம் வாழ்ந்திலர். சிக்கல்களோ நூற்றுக்கு 29 என்பதிலிருந்து 43 ஆக உயர்ந்தன. ஆகவே, அண்மைக் கணுக்களைச் செவ்வனே நீக்கி ஆராய்தல் வேண்டும். அதற்கப்பாலும் வெட்டிக்கொண்டே செல்லுதல் ஆயுளைக் கூட்டும் என்பதற்கோ இவ்வாராய்ச்சி ஆதரவு தரவில்லை.

உண்மையால் ஆவதென்ன?

கணுக்களை ஆராய்தல் உண்மையை மாத்திரம் தருமாயினும் அது வீணன்று. கணுவிலே நோய் காணப்பட்டோரிடம் அது மீளும் அபாயம் மிகுதி. இதனை அறிந்த பின்னரே, மருந்துச் சிகிச்சையின் துன்பத்தையும் பயனையும் நோயாளி சீர்தூக்கிப் பார்த்தல் இயலும். பித்தக்கான், பித்தப்பைப் புற்றுநோய்களுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 447 பேரிடம் பிரித்தானியாவில் நடந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், கப்பெசிற்றபீன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டோரின் இடைநிலை ஆயுள் 51 மாதங்கள்; கொடுக்கப்படாதோருக்கு 36 மாதங்கள். எனினும், முழுத்தொகுதியையும் கொண்ட கணிப்பில் இவ்வேறுபாடு ஐயமற நிறுவப்படவில்லை. யப்பானில் 440 பேரிடம் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிலோ, எஸ்-1 என்னும் மருந்து பெற்றோருள் மூன்றாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 77 பேர். பெறாதோருள் 68 பேர்.

இரண்டு கணுக்களை மட்டும் பார்த்து "நோய் இல்லை" எனக் கூறும் ஆறுதல் ஒரு குடும்பத்தைத் தவறான வழியிற் செலுத்தக்கூடும். போதிய கணுக்களைப் பார்த்துக் கூறும் கசப்பான சொல், செய்யத்தக்கதைக் காலத்திலே செய்ய வழிகாட்டும். மாணவர்காள், சராசரி உயர்ந்தது எனக் கேட்கும்போதெல்லாம், எவர் எந்த வகுப்புக்கு மாறினார் என்று முதலில் வினவுங்கள். பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: கண் மஞ்சளாகக் கண்டால், வலியில்லையே என்று வாளாவிருந்துவிடாது, தாமதமின்றி வைத்தியரை நாடுங்கள்.