பிழையை மறைத்தல் தகாது

கணிப்பொறி நெசவாளர்க்கு அந்நியமான கருவியன்று. நம் தறிகள் பலவற்றின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு, பிரான்சு தேசத்தில் 1804-ஆம் ஆண்டில் தோன்றியது. துளையிட்ட அட்டைகளே அதில் பூவேலையை நடத்துகின்றன. ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அவ்வட்டை முறையையே மேற்கொண்டார். அட்டையில் துளை தவறினால் பூ தவறும். கணிப்பொறிக்கு வரிவரியாக எழுதும் ஆணைத் தொகுதியாகிய நிரலிலும் அஃதே நிகழும்.

ஆகவே, நிரல் பயிலும் நம் பிள்ளைகள் முதற்கண் கற்கவேண்டுவது, தம் பிழையைப் பிறர்முன் வைக்கும் முறையே என்போம்.

நாம் பயிலத் தொடங்கிய நாளில், 10 தறிகளின் துணியளவைக் கூட்டும் நிரலொன்றைப் பைத்தான் மொழியில் எழுதினோம். தொகை குறைந்தே வந்தது. கேட்க நாணி, இரண்டு இரவுகளை வீணாக்கினோம். பின்னர், பயில்வோர் ஒருவருக்கொருவர் உதவும் குழுவொன்றில் நிரல் முழுவதையும் வைத்து, "சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதினோம். மூத்தவர் ஒருவர் மூன்று வினாக்களை விடுத்தார்: "எதை எதிர்பார்த்தீர்கள்? எது வந்தது? இப்பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல் எது?"

அதன்படி வேண்டாத வரிகளை நீக்கிக்கொண்டே வந்தோம். நான்கு வரிகள் எஞ்சின. உண்மை உடனே விளங்கிற்று. 'ரேஞ்ச்' என்னும் ஆணைக்கு 1, 10 என எல்லை கொடுத்தால், அது 9-உடன் நின்றுவிடும். பத்தாவது தறி கணக்கில் ஏறவேயில்லை! கேள்வியைச் செம்மையாக அமைத்ததே பாதி விடையாயிற்று.

பெரியோரும் இவ்வழியே சென்றனர். 1991 ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் முயற்சி முற்றுப்பெறுமுன்பே அதனை அறிவித்துப் பிறர் கருத்தை வேண்டினார். அவ்வாண்டே மூல நிரலையும் வெளியிட்டார். பலர் குறை காட்டினர், திருத்தமும் அனுப்பினர். அதுவே லினக்ஸ் ஆக வளர்ந்தது.

எனவே பயில்வோர் கைக்கொள்ள வேண்டியவை நான்கு:

1. பொறி காட்டும் பிழைச் செய்தியையும் வரி எண்ணையும் முழுதும் படித்தல்.
2. பிழை தோன்றும் அளவுக்கு நிரலைச் சுருக்குதல்.
3. எதிர்பார்த்ததையும் வந்ததையும் தனித்தனியே எழுதிக் கேட்டல்.
4. விடை கிடைத்தபின், பின்வருவோர்க்காக அதனை அங்கேயே எழுதிவைத்தல்.

நான்காவது, நாம் பெற்ற உதவிக்குத் திருப்பிச் செலுத்தும் கடனாகும். கடன் திரும்பினாலன்றோ அடுத்தவர்க்கு உதவ இயலும்? கூட்டுறவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.