கொஷீன்யா: பிரேசில் விருந்தின் கோழிப் பலகாரம் – முழுமையான வழிகாட்டி

பிரேசிலில் பிறந்தநாள் விருந்துக்குப் போனால் கேக் வெட்டும் நேரம் வரக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். வாழ்த்துப்பாட்டும் கேக்கும் பெரும்பாலும் கடைசியில்தான். அதுவரை தட்டுத் தட்டாக வந்துகொண்டிருப்பவை ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவிலான உப்புப் பலகாரங்கள். சல்கஜீன்யோ என்பது அவற்றின் பொதுப்பெயர். சீஸ் உருண்டை, பிறை வடிவ ரிசோலி, சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த கிபி எனப் பல வகை உண்டு. விருந்துக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் இவற்றை நூறு, இருநூறு என்று நூற்றுக்கணக்கில்தான் சொல்வார்கள். அந்தத் தட்டுகளில் முதலில் காலியாவது பெரும்பாலும் கொஷீன்யா.

முதன்முறை செய்பவருக்கும் இது கைவரும். பூரணம், மாவு, பொரிப்பு என மூன்று வேலைகள். முதல் இரண்டையும் முந்தின நாளே முடித்துவிடலாம். விருந்தன்று வாணலி வைத்தால் போதும்.

கொஷீன்யா என்றால் என்ன?

கோழிச்சாற்றில் கிளறிய மைதா மாவுக்குள் உதிர்த்த கோழியை வைத்து, கீழே உருண்டும் மேலே கூர்ந்தும் வரும்படி பிடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் கொஷீன்யா. சின்னக் கோழித்தொடை என்பது பெயரின் பொருள். வடிவமும் அதையே காட்டும். இது சாவ் பாவ்லோ மாநிலத்துப் பலகாரம். அம்மாநிலத்தின் லிமெய்ரா ஊரில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பிரேசில் இளவரசி இசபெல்லின் மகனுக்குக் கோழித்தொடை மட்டுமே பிடிக்குமாம். ஒருநாள் தொடை போதாமல் போக, சமையற்காரி மற்ற கறியை உதிர்த்து மாவில் பொதித்து, தொடை போலவே பிடித்துக் கொடுத்துவிட்டாளாம். கதைக்குச் சான்று எதுவுமில்லை. ஆனால் பலகாரத்தின் சூத்திரம் முழுவதும் அதில் இருக்கிறது: கொஞ்சம் கறியைப் பலருக்குப் போதுமானதாக்குவது.

பேக்கரிகளிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் ஒன்று தின்றாலே வயிறு நிறையும் அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். நாம் செய்யப்போவது விருந்துக்கான சின்ன அளவு.

எத்தனை தேவை, எப்போது தொடங்குவது?

கீழே உள்ள அளவில் 35 முதல் 40 கொஷீன்யா வரும். பின்னால் சாப்பாடு இருக்கிறதென்றால் ஆளுக்கு நான்கைந்து போதும். எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும். பலகாரமே விருந்து என்றால் ஆளுக்குப் பத்துக்கு மேல் கணக்கு வையுங்கள். அப்போது அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

- முந்தின நாள் காலை: கோழி வேகவைத்தல், பூரணம்
- முந்தின நாள் மாலை: மாவு கிளறுதல், பிடித்தல், தூள் புரட்டுதல், பிறகு ஃபிரிட்ஜ்
- விருந்தன்று: பொரிப்பது மட்டும்

தேவையான பொருட்கள்

கப் என்பது 240 மில்லி அளவு.

கோழிக்கும் பூரணத்துக்கும்:
- எலும்பில்லாத கோழி – 500 கிராம் (நெஞ்சுக்கறி, தொடைக்கறி கலந்து)
- பெரிய வெங்காயம் – 2
- பூண்டு – 6 பல்
- பிரியாணி இலை – 1
- தக்காளி – 1, பொடியாக நறுக்கியது
- காஷ்மீரி மிளகாய்த்தூள் – 1 டீஸ்பூன். மஞ்சள்தூள் – 1 சிட்டிகை
- மிளகுத்தூள் – அரை டீஸ்பூன்
- வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் – பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி
- கிரீம் சீஸ் – 100 கிராம்
- எண்ணெய், உப்பு

மாவுக்கு:
- கோழி வெந்த சாறு – ஒன்றரை கப்
- பால் – அரை கப்
- வெண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன்
- மைதா – 2 கப். கூடுதலாக 3 டேபிள்ஸ்பூன் கைவசம்

மேலே புரட்ட:
- பால் – முக்கால் கப். அதில் கரைக்க மைதா – 1 டேபிள்ஸ்பூன்
- ரொட்டித்தூள் – 2 கப்
- பொரிக்க எண்ணெய்

சில பொருட்களுக்கு மாற்று சொல்ல வேண்டும். பிரேசிலில் பூரணத்துக்குச் செந்நிறம் தருவது உருக்கும் எனும் செடியின் விதையிலிருந்து எடுக்கும் கொலொராவ் என்ற பொடி. அதற்குக் காரம் கிடையாது. நிறமும் மெல்லிய மண்வாசமும்தான். காஷ்மீரி மிளகாய்த்தூளும் மஞ்சளும் அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போடுங்கள். பிரேசிலின் வடகிழக்கிலும் கொத்தமல்லிதான் அதிகம் புழங்குகிறது. கிரீம் சீஸ் இருக்கும் இடத்தில் அங்கே சேர்ப்பது காத்துப்பிரி. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இத்தாலியக் குடியேறி மாரியோ சில்வெஸ்திரினி 1911-இல் தொடங்கிய மென்சீஸ் அது. காத்துப்பிரி வைத்த கொஷீன்யாவுக்குக் கடைகளில் தனிப் பலகையே உண்டு.

படி 1: கோழியை வேகவையுங்கள், சாற்றைக் கொட்டாதீர்கள்

ஒரு வெங்காயத்தை நான்காக வெட்டி, மூன்று பல் பூண்டு, பிரியாணி இலை, ஒரு டீஸ்பூன் உப்பு, ஐந்து கப் தண்ணீர் சேர்த்துக் கோழியைப் போடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். கோழியை எடுத்துவிட்டுச் சாற்றை வடிகட்டுங்கள்.

இந்தச் சாறுதான் பலகாரத்தின் உயிர். வெறும் தண்ணீரில் கிளறினால் மாவு மாவாகவே ருசிக்கும். கடிக்கும்போது கோழி உள்ளே மட்டும்தான் இருக்கும். சாற்றில் கிளறினால் முதல் கடியிலேயே கோழி தெரியும். சாற்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். சாதாரண சூப்பைவிட ஒரு கல் உப்புத் தூக்கலாக இருக்கட்டும். மாவு அதை இழுத்துக்கொள்ளும்.

கோழியை உதிர்க்கப் பிரேசில் வீடுகளில் ஒரு தந்திரம் உண்டு. வெந்த கோழி வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீர் இல்லாத குக்கரில் போட்டு மூடி, அடுப்பில் வைக்காமல், இரண்டு கையாலும் பிடித்து அரை நிமிடம் பலமாகக் குலுக்குவார்கள். திறந்தால் கறி நார் நாராகப் பிரிந்திருக்கும். குக்கர் சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நீளமான நார்களைக் கத்தியால் ஒரு தரம் கொத்திவிட்டால் பொதிய எளிது.

படி 2: பூரணம் வறண்டிருக்க வேண்டும்

வாணலியில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும், பொடியாக நறுக்கிய மற்றொரு வெங்காயத்தையும் மீதிப் பூண்டையும் வதக்குங்கள். தக்காளி சேர்த்துக் குழையவிட்டு, தூள்களைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். உதிர்த்த கோழியைச் சேர்த்து ஐந்தாறு நிமிடம் புரட்டி, உப்பைச் சரிபார்த்து, கடைசியில் தழைகளைத் தூவி இறக்குங்கள்.

கரண்டியால் பூரணத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால் வாணலியின் அடியில் நீர் ஊறக் கூடாது. ஊறினால் இன்னும் சற்று நேரம் அடுப்பில் இருக்கட்டும். பூரணத்தில் மிஞ்சும் ஈரம் எண்ணெயில் ஆவியாகி மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நன்றாக ஆறியபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த பூரணம் கையில் அடங்கும்.

படி 3: மாவைக் கிளறுங்கள்

கனமான பாத்திரத்தில் சாறு, பால், வெண்ணெய் மூன்றையும் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, இரண்டு கப் மைதாவையும் ஒரே தடவையில் கொட்டி, மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் முதலில் விழுந்தது வெந்துவிட, பிறகு விழுவது கட்டி தட்டும்.

முதலில் கட்டியும் முட்டியுமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திக் கிளறினால் இரண்டு நிமிடத்தில் ஒன்று சேரும். மாவு பாத்திரத்தை விட்டு விலகி ஒரே உருண்டையாகச் சுழன்று, அடியில் மெல்லிய ஏடு படிந்ததும் மேலும் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மாவு இங்கே முழுசாக வெந்தாக வேண்டும். பொரிக்கும் சில நிமிடங்களில் வெளிப்புறம்தான் சிவக்கும். பச்சை மாவு உள்ளே பச்சையாகவே இருந்துவிடும். இன்னமும் கையில் அதிகமாக ஒட்டினால் கூடுதல் மைதாவை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள்.

எண்ணெய் தடவிய மேடையில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் பிசையுங்கள். வழவழப்பு வந்ததும் மேல் காயாமல் ஈரத்துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். கொழுக்கட்டைக்குச் சொப்புச் செய்யும் பதம்தான் இதற்கும்: விரலால் அமுக்கினால் குழிய வேண்டும், விளிம்பு வெடிக்கக் கூடாது.

படி 4: பிடியுங்கள்

1. கையில் எண்ணெய் தடவி, 20 கிராம் மாவை எடுத்து உருட்டுங்கள். முதல் இரண்டு மூன்றைத் தராசில் நிறுத்துவிட்டால் பிறகு கையே அளவு சொல்லும்.
2. கட்டைவிரலால் நடுவில் அழுத்திச் சுற்றிவந்து கிண்ணமாக்குங்கள். அடிப்பகுதி கனமாகவும் விளிம்பு மெல்லிசாகவும் இருக்கட்டும்.
3. ஒரு டீஸ்பூன் பூரணத்தை வைத்து, அதன்மேல் கால் டீஸ்பூன் குளிர்ந்த கிரீம் சீஸ் வையுங்கள். நிரப்பி வழியவிடாதீர்கள்.
4. விளிம்புகளை மேலே கூட்டி, உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றியபடி மூடுங்கள்.
5. மூடிய இடத்தை இரண்டு விரலால் இழுத்து முறுக்கிக் கூர்முனை ஆக்குங்கள். அடியைத் தட்டில் லேசாகத் தட்டினால் நிமிர்ந்து நிற்கும்.

முனை மிக மெல்லிசாக இருந்தால் பொரிக்கும்போது கருகும். சற்று மழுங்கலாகவே விடுங்கள்.

படி 5: தூள் புரட்டுங்கள்

முக்கால் கப் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு கையால் கொஷீன்யாவைப் பாலில் நனைத்து ரொட்டித்தூளில் போட்டு, மறு கையால் புரட்டி எடுங்கள். இரண்டு வேலையையும் ஒரே கை செய்தால் பலகாரத்தைவிட விரலில்தான் தூள் அதிகம் ஒட்டும். பிரேசிலில் காய்ந்த ரொட்டியை அரைத்த மென்மையான தூளையே பயன்படுத்துகிறார்கள். இனிப்பில்லாத ரஸ்க்கைப் பொடித்துக்கொண்டாலும் போதும்.

தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒருநாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் தட்டோடு ஃபிரீசரில் கல்லாக இறுகவிட்டு, பிறகு பையில் போட்டுக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

படி 6: பொரியுங்கள்

பலகாரம் மூழ்கும் அளவு எண்ணெய் ஊற்றி 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவைப் போடுங்கள். உடனே குமிழி கட்டி மேலே வந்தால் சரி. அடியில் தங்கினால் காயவில்லை. போட்டதுமே சிவந்தால் காய்ச்சல் அதிகம்.

ஒரு ஈடுக்கு ஆறேழுதான். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பலகாரம் எண்ணெய் குடிக்கும். மெதுவாகத் திருப்பிவிட்டு மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறமானதும் எடுங்கள். ஃபிரீசரில் இருந்தவற்றை உருகவிடாமல் நேராகப் போடுங்கள். உருகினால் மேல்தூள் நசநசத்துவிடும். அவற்றுக்கு எண்ணெய் 160 டிகிரி அளவில் இருக்கட்டும். ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். ஒன்றைப் பிளந்து நடுவில் சூடேறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஈட்டைப் போடுங்கள்.

எங்கே பிசகும், என்ன செய்வது?

- எண்ணெயில் வெடிக்கிறது: பூரணத்தில் ஈரம், உள்ளே காற்று, அல்லது சரியாக மூடாத விளிம்பு. மீதமுள்ளவற்றின் முனையை மறுபடி அழுத்தி, இன்னொரு முறை பாலிலும் தூளிலும் புரட்டுங்கள்.
- பிடிக்கும்போது மாவு வெடிக்கிறது: காய்ந்துவிட்டது. கையை வெந்நீரில் நனைத்து இரண்டு நிமிடம் பிசையுங்கள்.
- மாவு துவண்டு நிற்கவில்லை: வேக்காடு போதவில்லை. மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள்.
- தூள் உதிர்ந்து எண்ணெய் கறுக்கிறது: போடும் முன் உதறிவிடுங்கள்; ஈட்டுக்கு ஈடு அரிகரண்டியால் எண்ணெயைத் துப்புரவாக்குங்கள்.

சைவ விருந்தினருக்கு

இதற்கும் பிரேசிலிலேயே வழி இருக்கிறது. போர்த்துக்கீசியர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பலா அங்கே செழித்து வளர்ந்தது. பலாக்காயை வேகவைத்து உதிர்த்துச் செய்யும் கொஷீன்யா இப்போது அங்கே சைவ உணவகங்களில் வழக்கமான பண்டம். பலாப்பிஞ்சை மெத்தென்று வேகவைத்துப் பிழிந்து, அதே மசாலாவில் வதக்குங்கள். மாவைக் காய்கறிச் சாற்றில் கிளறுங்கள். கோழிக்குப் பயன்படுத்திய எண்ணெயும் வேண்டாம். குழந்தைகளுக்கென்றால் அதே மாவில் ஒரு துண்டு மொஸரெல்லா சீஸை வைத்து உருண்டையாகவே பிடித்துவிடலாம். கோழியும் சைவமும் ஒரே மேசைக்கு வரும்போது, பார்த்ததும் எது சைவம் என்று தெரியும்படி வடிவத்தை மாற்றிவிடுவது நல்லது.

பரிமாறும் முறை

சூடாகக் கொடுங்கள். கூடவே மிளகாய் சாஸும் எலுமிச்சைத் துண்டும் போதும். கரண்டியும் முள்ளும் வேண்டாம், தாள் கைக்குட்டை வையுங்கள். முனையிலிருந்து கடிப்பதா, அடியிலிருந்து கடிப்பதா என்று பிரேசிலியர்கள் விளையாட்டாக வாதாடுவதுண்டு. குடிப்பதற்கு அங்கே பெரும்பாலும் குவாரனா சோடா. இங்கே எலுமிச்சை சோடா பொருத்தமாக இருக்கும்.

நாற்பதையும் ஒரேயடியாகப் பொரித்து அடுக்காதீர்கள். முதல் பதினைந்தை விருந்தினர் வரத் தொடங்கும்போதும், மீதியைத் தட்டு காலியாகக் காலியாகவும் பொரியுங்கள். பொரித்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் மேல்தோல் தொய்ந்துவிடும். பொரிக்காமல் மிஞ்சியவை நேராக ஃபிரீசருக்குப் போகட்டும். சொல்லாமல் விருந்தாளி வந்து நிற்கும் மாலையில் எண்ணெய் காயும் நேரம்தான் உங்களுக்கு வேலை.