அழைப்பவருக்கும் பொறுப்பு உண்டு
கைப்பேசிப் பாதுகாப்பு: குடும்பத்தோடு படிக்க ஒரு பாடம்



சென்ற மழைக்காலத்தில் நமது அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ், மூச்சுத்திணறலில் இருந்த ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் சென்றது. மருத்துவமனையில் படுக்கை கிடைத்துவிட்டது என்ற செய்தியைச் சொல்ல, ஒருவர் ஓட்டுநரின் கைப்பேசிக்கு விடாமல் அழைத்தார். பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை. மூன்று முறை எடுக்காத ஓட்டுநர் தம்பி, நான்காவது முறை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மாடு சாலையைக் கடந்தது. அதைக் கவனிக்கத் தாமதமாகி, வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. மூதாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கூட உட்கார்ந்திருந்த அவருடைய மகளுக்கு நெற்றியில் நான்கு தையல்.

அழைத்தவர் வேறு யாருமல்ல, இதை எழுதும் நான்தான். மறுநாள் அந்தத் தம்பியிடம், "வண்டி ஓட்டும்போது ஏன்ப்பா எடுத்தே?" என்று கேட்டேன். "பாய், நீங்க நாலு தடவை கூப்பிட்டா, ஏதோ அவசரம்னுதானே நினைப்பேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. செய்தி முக்கியமானதுதான். ஆனால் அதை மூதாட்டியின் மகளுக்கு அழைத்துச் சொல்லியிருக்கலாம். அவருடைய எண் என்னிடம் இருந்தது.

இப்போது நமது அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டால் ஓட்டுநரை யாரும் அழைக்கக் கூடாது. உடன் செல்பவரின் எண்ணை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, எந்தச் செய்தியானாலும் அவரிடமே சொல்ல வேண்டும். இந்த விதி ஆம்புலன்ஸுக்கு மட்டுமல்ல, நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும்.

1. சாலையில்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். யார் அழைக்கிறார்கள் என்று கைப்பேசித் திரையை மூன்று நொடி பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 50 மீட்டரில் ஒரு பள்ளிக்கூட வாசலே இருக்கலாம்.

"நான் புளூடூத்தில்தான் பேசுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். கை காலியாக இருக்கும், மனம் காலியாக இருக்காது. பேச்சில் ஆழ்ந்தவருக்குக் கண் திறந்திருந்தும் எதிரே வருவது பதியாமல் போகும். தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொள்வதும், கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கிக்கொண்டு பைக் ஓட்டுவதும் இதைவிட ஆபத்து.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி கையில் கைப்பேசியைப் பிடித்தபடி ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேரும். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020இல் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டுமே கைப்பேசியைப் பயன்படுத்த இடம் தருகிறது.

இனி, அழைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• எடுத்தவுடன் முதல் கேள்வி, "வண்டியிலயா இருக்கீங்க?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்றால் "போய்ச் சேர்ந்துட்டுப் பேசுங்க" என்று சொல்லி நீங்களே துண்டியுங்கள்.
• எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.
• வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இங்குள்ள நேரத்தை நினைவில் வையுங்கள். துபாயில் காலை 7 மணி என்றால் இங்கே 8.30. வீட்டில் உள்ளவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது.

2. பெட்ரோல் பங்கில்

கைப்பேசி ஒலித்ததால் பங்க் தீப்பிடித்தது என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். உண்மையை அறிந்து பகிர்வது நம் கடமை. கைப்பேசியின் ரேடியோ அலையால் பெட்ரோல் பற்றிக்கொண்டதாக உறுதியான சான்று இல்லை. விசாரிக்கப்பட்ட பல தீ விபத்துகளில் உடலிலும் உடையிலும் சேரும் நிலை மின்சாரமே காரணமாக இருந்தது.

அப்படியானால் ஏன் அங்கே தடை? பெட்ரோல் ஆவி கடுங்குளிரிலும் உண்டாகும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கி நிற்கும். அதற்கு ஒரு சிறு பொறி போதும். நம் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசி, பொறி வராதபடி செய்யப்பட்ட கருவி அல்ல. கீழே விழுந்து பேட்டரி சேதமானால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பேச்சு மும்முரத்தில் பெட்ரோல் வழிவதைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

ஆகவே எஞ்சினை அணைத்து, பைக்கிலிருந்து இறங்கி நின்று பெட்ரோல் போடுங்கள். போட்டு முடித்து, வண்டியைப் பம்பிலிருந்து நகர்த்திய பிறகு கைப்பேசியை எடுத்துப் பணம் செலுத்துங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்காதீர்கள், பிள்ளைகளை அனுப்பி வாங்கவும் செய்யாதீர்கள்.

3. மருத்துவமனையில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரும், மருந்தை அளவாகச் செலுத்தும் பம்புகளும் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய கருவிகள் ஓரளவு பாதுகாப்போடுதான் வருகின்றன. என்றாலும் மிக அருகில் கைப்பேசி இயங்கினால் அவை தடுமாற வாய்ப்பு உண்டு. சிக்னல் குறைவாக உள்ள இடத்தில் கைப்பேசி கூடுதல் வலுவோடு அலையை அனுப்பும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். அணைக்கச் சொல்லிப் பலகை இருந்தால் அணைத்துவிடுங்கள். "அத்தாவை வீடியோ காலில் காட்டு" என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கேட்பது பாசத்தால்தான். ஆனாலும் செவிலியரிடம் அனுமதி கேட்காமல் கட்டிலருகே அதைச் செய்ய வேண்டாம். சார்ஜ் போடுவதற்காக அங்குள்ள எந்தப் பிளக்கையும் பிடுங்கிவிடாதீர்கள். அது ஒருவரின் மூச்சாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. அறையில் ஆபத்து வேறு வகை. அந்தக் கருவியின் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டது. 1.5 டெஸ்லா என்பதே பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேயிருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் எடுத்துச் சென்ற இளைஞர் ஒருவர், காந்தம் சிலிண்டரோடு இழுத்ததில் உயிரிழந்தார். கைப்பேசி, சாவி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். நம் பெண்கள் முக்காட்டில் குத்தியிருக்கும் ஊசியையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. கருவி இருக்கும் இடத்திலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பேசும்போது எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். சில புதிய கைப்பேசிகளின் பின்புறத்தில் காந்தம் இருப்பதால், பிள்ளைகள் பெற்றோருக்குப் புதிதாக வாங்கித் தருமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

4. விமானத்தில்

உம்ராவுக்குப் புறப்படுபவர்கள் விமானப் பணியாளர் சொன்னவுடன் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பலருடைய கைப்பேசிகள் ஒரே நேரத்தில் சிக்னல் தேடினால் விமானியின் காதொலிக் கருவியில் இரைச்சல் வரலாம். பவர் பேங்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், லக்கேஜில் போடக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 74 வாட்-மணி, அதனால் அது வரம்புக்குள் வரும். கைப்பேசி இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது.

வீட்டில் பேசிக்கொள்ள

இன்று இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேசுங்கள். நம் வீட்டில் வண்டி ஓட்டுபவரை அதிகம் அழைப்பவர் யார்? அவசரம் என்றால் யாருடைய எண்ணுக்கு அழைப்பது? எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா?

அந்த மூதாட்டி குணமாகி வீடு திரும்பிய பின், அவருடைய மகளிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். "அம்மா நல்லபடியா வந்துட்டாங்க மாமா, எனக்கு அது போதும். ஆனா இதை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். சாலையில் போகும் ஒவ்வொரு உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்